பைசன் ஜெர்க்கி தினமும் சாப்பிடலாமா? நம் சமையலில் சேருமா?

கேள்வி கேட்டவர் கனடாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். கடையில் பைசன் ஜெர்க்கி, அதாவது பைசன் என்ற விலங்கின் கறியை உப்புப் போட்டுக் காய வைத்த பொட்டலத்தைப் பார்த்திருக்கிறார். "புரதம் அதிகம், கொழுப்பு குறைவு என்று போட்டிருக்கிறதே, தினமும் கொறிக்கலாமா? நம் ஊர்ச் சமையலில் போட முடியுமா? கொடைக்கானலில் ரோட்டுக்கு வருகிற காட்டெருமைதானே இது?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். அது வேறு, இது வேறு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்பது காட்டுமாடு. கடமா என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் அதை 'இண்டியன் பைசன்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நாம் காட்டெருமை என்று சொல்லி மேலும் குழப்பிக்கொண்டோம். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது. அதன் கறியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கக் கூடாது. இங்கே கிடைப்பது வட அமெரிக்கப் புல்வெளியின் பைசன். பெரிய திமில், கழுத்தெல்லாம் சடை. பண்ணையில் வளர்த்து, மற்ற இறைச்சிகளைப் போலவே சோதித்து விற்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் வாய்ப்பழக்கத்தில் 'பஃபலோ' என்பார்கள். எருமை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

நான் இருப்பது கனடாவின் சாஸ்கட்டூன் நகரில். வந்த முதல் குளிர்காலத்தில், ரெஜைனாவுக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வாங்கியதுதான் என் முதல் பைசன் ஜெர்க்கி. வாயில் போட்டதும் ஏமாற்றம். புகை வாடை, சோயா சாஸ், அதற்கு மேல் பழுப்புச் சர்க்கரை. பல் வலிக்க மென்ற பிறகு, போனால் போகிறது என்று கறியின் ருசி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மீதிப் பொட்டலம் மார்ச் மாதம் வரை காரிலேயே கிடந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் என்னோடு வேலை பார்த்த, இந்த மண்ணின் பூர்வகுடியான க்ரீ இனத்து அம்மா ஒருவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழுப்புக் காகிதப் பையிலிருந்து கறுத்த தகடு மாதிரி ஒன்றை எடுத்தார். வாழைச்சருகு போல மெலிசு. ஒடித்தால் நார் நாராகப் பிரிந்தது. சர்க்கரை கிடையாது, உப்பு பெயருக்குத்தான். க்ரீ மொழியில் இதற்குக் காகேவக் என்று பெயர். கறியைத் துண்டு போடாமல், சுருட்டிய பாயைப் பிரிக்கிற மாதிரி கத்தியால் சுற்றிச் சுற்றிப் பிரித்து ஒரே தாளாக்கி, கழியில் தொங்கவிட்டு, கீழே லேசாகப் புகை போடுவார்களாம். ஈ அண்டாமலிருக்கத்தான் முக்கியமாகப் புகை. முகர்ந்து பார்த்தேன். எங்கள் அப்பத்தா அடுப்படியில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட உப்புக்கண்டம்! மஞ்சளும் மிளகாயும்தான் இல்லை.

அந்த அம்மா தன் துண்டின் மேல் வெண்ணெயை அப்பினார். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் விடுகிறோமே, அந்தத் தாராளத்தோடு. எனக்கும் நீட்டினார். "வெறுமனே தின்னாதே. இதுல இல்லாததை நீதான் சேர்க்கணும்" என்றார்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அந்த 'இல்லாதது'தான். பொட்டலத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, கொழுப்பு குறைவு என்று, அதையே இந்த மண்ணின் ஆட்கள் ஒரு குறையாகப் பார்த்தார்கள்.

பைசனின் சதைக்குள் மாட்டுக்கறியில் இருப்பது போல வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு ஓடாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கொழுப்பு நீக்கிய பச்சைக்கறி 100 கிராமில் 109 கலோரி, புரதம் 21 கிராமுக்கு மேல், கொழுப்பு 2 கிராம்கூட இல்லை. சுட்டெடுத்த கறியில் புரதம் 28 கிராம், இரும்புச்சத்து 3.4 மில்லிகிராம். இந்த இரும்பு, கீரையில் இருப்பதைவிட உடம்பில் எளிதாகச் சேரும். துத்தநாகமும் பி12 வைட்டமினும் தாராளம். சைவமாகவே இருந்து பி12 குறைந்து ஊசி போட்டுக்கொண்ட நண்பர்கள் எனக்கு இங்கே உண்டு, அதனால் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கறியில் முக்கால் பங்கு தண்ணீர். காய வைத்தால் 3 கிலோ பச்சைக்கறி ஏறக்குறைய 1 கிலோவாகச் சுருங்கும். எடைக்கு எடை பார்த்தால் சத்தெல்லாம் மூன்று மடங்கு ஆகிறது. சர்க்கரை சேராத காய்ந்த கறியில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். போட்ட உப்பும் அப்படியே உள்ளே தங்கிவிடும். நார்ச்சத்து கிடையாது, வைட்டமின் சி கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு புரதம் இருந்தும் இதை மட்டுமே தின்று உயிர் வாழ முடியாது. புரதத்தை எரித்துக் கழிவை யூரியாவாக்கி வெளியேற்ற நம் கல்லீரலுக்கு ஓர் அளவுதான் முடியும். கொழுப்பும் மாவும் இல்லாமல் வெறும் கறியாகத் தின்றுகொண்டே இருந்தால் சில நாளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, அசதி. வயிறு நிறைய நிறையப் பசி அடங்காது. வடக்கே பயணம் போனவர்கள் இதற்கு 'முயல் பட்டினி' என்று பெயர் வைத்தார்கள், முயல்கறியிலும் கொழுப்பு இல்லாததால். குளிர்காலம் முடிகிறபோது இளைத்துப்போன பைசனைத் தின்றாலும் இதே கதிதான்.

அதற்குப் புல்வெளி மக்கள் கண்ட வழி பெம்மிக்கன். காய்ந்த கறியைக் கல்லில் வைத்துத் தூளாக இடிப்பார்கள். எலும்பு மஜ்ஜையையும் கொழுப்பையும் உருக்கி, எடைக்கு ஏறக்குறையச் சரிபாதியாக ஊற்றிப் பிசைவார்கள். இருந்தால் காய்ந்த பழமும் சேரும். கறியில் பிடித்த பொருள்விளங்கா உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கெட்டி, அதே நாள்பட்ட ஆயுசு. பெம்மிக்கன் என்ற சொல்லே, கொழுப்பைக் குறிக்கும் 'பிமீ' என்ற க்ரீ சொல்லிலிருந்து வந்தது. பெயரில்கூடக் கறியைக் காணோம், கொழுப்புதான் இருக்கிறது. இன்னொரு பூர்வகுடியான லக்கோட்டா மக்கள் இதை வஸ்னா என்பார்கள். இங்கே அதிகம் சேர்ப்பது சாஸ்கட்டூன் பழம். நாவல்பழத்தைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. நான் வரி கட்டும் இந்த ஊருக்குப் பெயரே அந்தப் பழத்திலிருந்து வந்ததுதான்.

இந்த உருண்டைக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. தோல் வியாபாரத்துக்குப் படகு வலித்தவர்களின் சாப்பாடு இதுதான். பைசன் தோலில் தைத்த மூட்டை ஒன்று சுமார் 41 கிலோ. 1814 ஜனவரியில் செவ்வாற்றுக் குடியிருப்பின் ஆளுநர் மைல்ஸ் மெக்டோனல், குடியேறியவர்களுக்குப் பற்றவில்லை என்று பெம்மிக்கன் வெளியே போகத் தடை போட்டார். அதைச் செய்து விற்றுப் பிழைத்த மெட்டி மக்களும் (பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களும் கலந்த வழியில் வந்தவர்கள்), அதை வாங்கிய தோல் வியாபார நிறுவனமான நார்த் வெஸ்ட் கம்பெனியும் ஒப்புக்கொள்ளவில்லை. 1816 ஜூன் 19 அன்று, இன்றைய வின்னிபெக்கில், செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதல் வெடித்தது. அப்போதைய ஆளுநர் ராபர்ட் செம்பிள் உட்பட இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோடிக்கணக்கில் இருந்த பைசனைச் சுட்டுத் தீர்த்து, சில நூறுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் கடையில் பார்க்கும் பொட்டலம், அந்த மிச்சத்திலிருந்து பெருகிய மந்தையினுடையது.

பொட்டலத்துக்கு வருகிறேன். என் அலமாரியில் இப்போது இருப்பதைத் திருப்பிப் பார்த்தேன். 30 கிராமுக்குப் புரதம் 11 கிராம், கொழுப்பு 1 கிராம், சர்க்கரை 6 கிராம், சோடியம் 520 மில்லிகிராம். ஒரு நாளைக்குச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 90 கிராம் பொட்டலத்தைப் படம் பார்த்துக்கொண்டே காலி செய்தால் முக்கால் நாள் உப்பு முடிந்தது. அப்புறம் ராத்திரி ரசமும் அப்பளமும் வேறு.

நைட்ரைட் விஷயமும் உண்டு. கறி கெடாமலும் சிவப்பு மாறாமலும் இருக்க அதைப் போடுகிறார்கள். 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், சேர்மானப் பட்டியலில் செலரித் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவும் நைட்ரைட்தான், செடி வழியாக வருகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராம் என்று தொடர்ந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று சொன்னது. பைசன் என்பதற்காக இதில் சலுகை கிடையாது. ஆகவே தினமும் வேண்டாம். நான் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு கைப்பிடி. ரத்த அழுத்தமோ யூரிக் அமிலமோ இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

சமையலுக்கு வந்தால், ஜெர்க்கியைத் தீனியாக நினைப்பதை விட்டுவிட்டு உப்புக்கண்டமாக நினையுங்கள். பாதி வேலை முடிந்தது. சர்க்கரை சேர்த்த வகை குழம்புக்கு ஆகவே ஆகாது; நான் ஒருமுறை போட்டு, புளிக்குழம்பு தக்காளி ஜாம் மாதிரி ஆகிப்போனது. உழவர் சந்தையில் விசாரித்தால் உப்பு மட்டும் போட்ட 'டிரை மீட்' கிடைக்கும், அதை வாங்குங்கள்.

100 கிராமைக் கொதிக்கிற தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், உப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். பிறகு இடிகல்லில் போட்டு நசுக்க வேண்டும். இதை விட்டால் ரப்பர்தான். நசுக்கினால் நார் பிரிந்து பஞ்சு மாதிரி வரும். நல்லெண்ணெய், வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட. சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் ஷாலட். பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை, இடித்த மிளகு. வெங்காயம் சிவந்ததும் கறியைப் போட்டு, சிறு தீயில் ஓரம் முறுகும்வரை புரட்டுங்கள். உப்பைக் கையில் எடுக்கவே வேண்டாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் ஒரு விள்ளலுக்கு ஒரு நார் போதும். நான்கு பேருக்கு 100 கிராம் தாராளமாக வரும்.

கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பில் கருவாட்டின் இடத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இந்த ஊர் வழியில் என்றால் சோளம், கிழங்கு சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். பெம்மிக்கனைத் தண்ணீரில் கரைத்து மாவு தூவிக் கொதிக்கவிட்டால் ரபபூ, மெட்டி மக்களின் பழைய சாப்பாடு. பைசன் பாஸ்ட்ராமி (மசாலா தடவிப் புகை போட்ட கறி) கிடைத்தால் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுங்கள், அதைப் போய்த் தாளிக்காதீர்கள். தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் 2007இல் லக்கோட்டா மக்கள் தொடங்கிய டாங்கா பார், கிரான்பெர்ரி சேர்த்த பைசன் கறிக் கட்டி, பயணத்துக்கு நல்ல துணை.

வீட்டிலேயே போடலாம் என்று ஆசை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் வெயிலில் நான்கு நாளில் முறுகக் காயும். இங்கே அது நடக்காது. உலர்த்தும் பெட்டியில் நேராகப் பச்சைக்கறியை அடுக்கவும் கூடாது. ஈரம் ஆவியாகிறவரை கறி குளிர்ந்தே இருக்கும், அதற்குள் கிருமி அந்தச் சூட்டுக்குப் பழகிவிடும். முதலில் கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேக வைத்து, பிறகு 55 முதல் 60 டிகிரியில் உலர்த்துங்கள். கறியை அரை உறைநிலையில் வைத்து வெட்டினால் மெலிசாக வரும். கொழுப்பைத் துளி விடாமல் சீவி எடுங்கள். சதை காயும், கொழுப்பு காயாது. ருசிக்கு இருக்கட்டும் என்று நான் ஓரத்தில் விட்டுவைத்தேன். மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தால், பலகாரம் சுட்ட பழைய எண்ணெயின் சிக்கு வாடை. ஒன்றரைக் கிலோ கறி குப்பைக்குப் போனது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அடுத்த தடவை சரியாக வந்தது. அதை இடித்து, மாட்டுக்கொழுப்புக்குப் பதில் நெய்யை ஊற்றி, சாஸ்கட்டூன் பழம் சேர்த்து என் சொந்தப் பெம்மிக்கனைப் பிடித்து, அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டுக்கொழுப்பு உறைந்தால் மெழுகு மாதிரி நிற்கும். நெய் நிற்காது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, விரலில் வழிந்ததைத் துடைத்தபடியே சொன்னார்: "வாசனை பிரமாதம். ஆனா இதை எடுத்துக்கிட்டு நீ எந்த ஊருக்கும் போக முடியாது."