சுரைப்பிஞ்சு வெம்பி உதிர்வது பற்றி

வணக்கம். மாடியில் சுரைக்கொடி நன்றாகப் படர்ந்தும் பிஞ்செல்லாம் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்வதாக எழுதியிருந்தீர்கள். உரத்தைக் கூட்ட வேண்டாம். பெரும்பாலும் இது மகரந்தம் சேராத பிரச்சினைதான்.

சுரைப்பூ மாலையில்தான் விரியும். பகலில் வரும் தேனீயை நம்ப முடியாது, அந்திப்பூச்சிகள் வந்தால் உண்டு. நான்காவது மாடிக்கு அவை வருவது குறைவு. அதனால் நீங்களே செய்துவிடுங்கள். பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் போல் இருந்தால் பெண் பூ, வெறும் நீளக் காம்பு என்றால் ஆண் பூ. பொழுது சாயும்போது அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சேர்ந்துவிட்டால் சில நாளில் பிஞ்சு பருப்பது கண்ணுக்கே தெரியும்.

உதிர்ந்த பிஞ்சில் ஊசி குத்திய புள்ளியும் பிசினும் இருந்தால் அது பழ ஈ. அப்படியென்றால் பூ வாடியதும் பிஞ்சைக் காகித உறையால் மூடுங்கள், உதிர்ந்ததைத் தொட்டியிலேயே விடாதீர்கள்.

அப்புறம், கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டீர்களா? கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும், அவற்றில்தான் பெண் பூ அதிகம் வரும்.