வளர்த்த கிளப்புக்கு என்ன கிடைக்கும்? இளம் கால்பந்து வீரர்கள் பற்றிய கேள்வி பதில்

கே (பயிற்சியாளர்): எங்கள் சின்ன கிளப்பில் 12 வயதிலிருந்து ஆடிய பையன் வெளிநாட்டில் ப்ரோ (தொழில்முறை வீரர்) ஆனால் எங்களுக்கு ஏதாவது உண்டா?

ப: உண்டு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி இரண்டு வழியில். முதலாவது பயிற்சி இழப்பீடு. வேறு நாட்டுக் கிளப்பில் அவன் முதல் ப்ரோ ஒப்பந்தம் போடும்போது, 12 முதல் 21 வயதுக்குள் அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் புது கிளப் பணம் தர வேண்டும். பயிற்சிச் செலவுப்படி கிளப்புகள் நான்கு தரம்; புது கிளப்பின் தரத்தை வைத்துக் கணக்கு. ஐரோப்பாவின் முதல் தரக் கிளப் என்றால் ஆண்டுக்கு 90,000 யூரோ. ஆனால் 12 முதல் 15 வரையிலான ஆண்டுகளுக்கு நான்காம் தர விகிதமான 10,000தான்.

இரண்டாவது சாலிடாரிட்டி பங்கு. பிற்பாடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு 1 கோடி யூரோவுக்கு அவன் மாறுகிறான் என்று வையுங்கள். அதில் 5% வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25%, 16 முதல் 23 வரை 0.5%. அந்த முதல் நான்கு ஆண்டும் உங்களிடம் இருந்திருந்தால் 1 லட்சம் யூரோ உங்களுடையது.

ஒவ்வொரு சீசனும் பையன் பெயர் உங்கள் கிளப்பின் கீழ் கால்பந்துச் சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ்தான் இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. குழு போட்டோவும் கோப்பையும் பதிவுக்கு ஈடாகாது.

கே (ஒரு அப்பா): மகனுக்கு 15 வயது. ஐந்தாண்டு ப்ரோ ஒப்பந்தம் கேட்கிறார்கள்.

ப: 18 நிறையாதவரோடு மூன்றாண்டுக்கு மேல் போட்டால், கூடுதல் காலத்தை ஃபிஃபா ஏற்காது. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கே: 16 வயதில் ஸ்பெயினில் சேர்க்கிறோம் என்று ஒரு தரகர் சொல்கிறார்.

ப: 18 வயதுக்கு முன் நாடு மாற்றிப் பதிவு செய்யத் தடை. பெற்றோர் கால்பந்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. இப்படிச் சில விலக்குகள்தான். அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கே: இந்த இழப்பீடே பையன் காலில் போடும் விலங்குதானே? ஏழைப் பையன் ஏன் சுமக்க வேண்டும்?

ப: சுமப்பது பையன் இல்லை, புது கிளப். பிரெஞ்சு வீரர் ஒலிவியே பெர்னார்டு வழக்கைப் பாருங்கள். லியோன் கிளப் வளர்த்தது. 2000இல் அதன் ஒப்பந்தத்தை மறுத்து இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்புக்குப் போனார். லியோன் நஷ்ட ஈடு கேட்டது. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: வளர்த்ததற்கு இழப்பீடு கேட்பது நியாயம், ஆனால் அது உண்மையான பயிற்சிச் செலவோடு பொருந்த வேண்டும். ப்ரோ ஆகாமல் போகிறவர்களுக்குச் செய்த செலவையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. சின்ன கிளப்புகளுக்கு உயிர் கொடுப்பது அந்த வரிதான்.

கே (அவரே): பணம் வரவில்லை என்று கிளப் விட மறுத்தால்?

ப: மறுக்க முடியாது. வேறு நாட்டில் பதிவு செய்யத் தேவையான சர்வதேச மாற்றுச் சான்றிதழை பழைய கிளப்பின் நாட்டுக் கால்பந்துச் சங்கம் நிபந்தனையோ கட்டணமோ இல்லாமல் தர வேண்டும். பணத் தகராறு தனி. நீங்கள் சொல்லும் விலங்கு இந்த விதியில் இல்லை, விதி தெரியாத பெற்றோரை மிரட்டுகிறவர்களிடம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

கே: நாங்கள் பதிவு செய்யவில்லை, ஆனால் ஊரே சாட்சி. பங்கு வருமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். பதிவு.

கே: டிரான்ஸ்ஃபர் பணமே இல்லாமல் போனான். 5% உண்டா?

ப: இல்லை. பயிற்சி இழப்பீடு பொருந்துமா என்று பாருங்கள்.

கே: மகள் ஆடுகிறாள். இதெல்லாம் அவளுக்கும் பொருந்துமா?

ப: சாலிடாரிட்டி பங்கு உண்டு, பயிற்சி இழப்பீடு கிடையாது. பெண் பிள்ளைகளை வளர்க்கும் கிளப்புகளுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவளையும் இந்த சீசனே பதிவு செய்யச் சொல்லுங்கள்.