கேள்வி – பதில்: தரவுத்தளத்தில் முழு உரைத் தேடல்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தின் டேபிளில் தலைப்பு, குறிப்பு என்ற இரண்டு நெடுவரிசைகளுக்கும் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) போட்டிருக்கிறோம். இருந்தும், நடுவில் வரும் சொல்லை 'லைக்' (LIKE, உரைப் பொருத்தம் பார்க்கும் கட்டளை) கொண்டு தேடினால் விடை வர வெகு நேரமாகிறது. என்ன செய்வது?

பதில்: வகையைக் குறிப்பிடாமல் போட்டால் அமைவது பீ-ட்ரீ இன்டெக்ஸ். அது உரையை முதல் எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி வைப்பதால், தேடும் சொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி (%, அந்த இடத்தில் எதுவும் வரலாம் என்பதன் அடையாளம்) வந்தவுடன் பயனற்றுப் போகிறது. தரவுத்தளம் ஒவ்வொரு பதிவையும் படித்துப் பார்க்கிறது. உங்களுக்கு வேண்டியது 'ஜின்' வகை. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்பதை அது குறித்து வைக்கிறது.

2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல், தானே கணக்கிட்டுக்கொள்ளும் நெடுவரிசையை அமைக்கலாம். தலைப்பையும் குறிப்பையும் இணைத்து டிஎஸ்வெக்டராக (tsvector, தேடலுக்கேற்ற சொற்பட்டியல் வடிவம்) மாற்றி அதில் சேமித்து, அதன்மேல் ஜின் இன்டெக்ஸ் போடுங்கள். இணைக்கும்போது 'கோயலெஸ்' (COALESCE, 'நல்' இருந்தால் அதற்குப் பதில் வேறு மதிப்பைத் தருவது) அவசியம். குறிப்பு 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்தால் இணைத்த முழு உரையும் 'நல்' ஆகிவிடும், அந்தப் பதிவு எந்தத் தேடலிலும் அகப்படாது.

மொழி அமைப்பை, அதாவது எந்த மொழியின் விதிப்படி சொற்களைச் சுருக்குவது என்பதை, வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும், இல்லையேல் இத்தகைய நெடுவரிசையை போஸ்ட்கிரெஸ் ஏற்காது. தமிழுக்கான அமைப்பும் 12ஆம் பதிப்பிலிருந்து உடன் வருகிறது. தேடும்போதும் அதே அமைப்பைக் கொடுப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ஆங்கில அமைப்பில் 'ரன்னிங்' என்பது 'ரன்' என்று சுருங்கிப் பதிவாகிறது; சொற்களைச் சுருக்காத 'சிம்பிள்' அமைப்பில் கேட்டாலோ 'ரன்னிங்' என்றே தேடப்பட்டு, இருக்கும் பதிவும் இல்லை என்றாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்த நெடுவரிசையைச் சேர்க்கும்போது டேபிள் முழுவதும் பூட்டப்பட்டுத் திரும்ப எழுதப்படுகிறது. ஆகவே பயன்பாடு குறைந்த நேரத்தில் செய்யுங்கள். இன்டெக்ஸ் கட்டளையில் 'கன்கரன்ட்லி' (CONCURRENTLY) என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்கினால் எழுதும் பணிகள் தடைபடாது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற இன்னொரு தரவுத்தளத்தில், முழு உரைத் தேடலுக்கான ஃபுல்டெக்ஸ்ட் இன்டெக்ஸ் நன்றாக இயங்குகிறது. ஆனால் 'ஏஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடினால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

பதில்: மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியில் (InnoDB) இன்டெக்ஸுக்குள் சேரும் சொல்லின் குறைந்தபட்ச நீளம் இயல்பாக 3 எழுத்து, ஆகவே அந்தச் சொல் உள்ளே போகவே இல்லை. அந்த வரம்பை 2 ஆக்கி, சர்வரை மறுபடி தொடங்கி, இன்டெக்ஸையும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். பலர் சர்வரைத் தொடங்கியதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய இன்டெக்ஸ் பழைய வரம்பின்படியே இருப்பதால் மாற்றம் எதுவும் தெரியாது. 5.7ஆம் பதிப்பில் வந்த என்கிராம் பார்சரும் (உரையைச் சிறு எழுத்துத் துண்டுகளாக வெட்டுவது) இரண்டு எழுத்துகளைப் பிடிக்கும், ஆனால் 'ஏஐ'யைப் பிடிக்க அதன் இயல்பான விலக்குச் சொற்பட்டியலையும் மாற்ற வேண்டும். மேலும் அது வேறு சொற்களின் நடுவில் அதே எழுத்துகள் வரும் பதிவுகளையும் கொண்டுவந்து கொட்டும் என்பதால், உங்கள் தேவைக்கு வரம்பைக் குறைப்பதே மேல்.