பவர்லைன் வழியே ஓடும் படம் இரவில் மட்டும் நிற்கிறதா?

கேள்வி: மாடியில் உள்ள டிவிக்கு, வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்வொர்க் சிக்னலைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் மூலம் இணைப்பு கொடுத்திருக்கிறேன். கீழே ரவுட்டருடன் இணைத்த ஹார்டு டிஸ்கிலிருந்து படங்கள் பகலில் நன்றாக ஓடுகின்றன. இரவில் அடிக்கடி நின்றுவிடுகின்றன. பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. அடாப்டர் பழுதா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் ஓடுகிறது, இரவில் நிற்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. ராத்திரி போடும் ஏதோ ஒரு சாதனம் உங்கள் மின்கம்பியில் இரைச்சலை, அதாவது சிக்னலைக் குழப்பும் மின் அலைகளை, கலக்கிறது.

அடாப்டர் பேசுவது சுமார் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில். மட்டமான எல்இடி விளக்குகளும் மொபைல் சார்ஜர்களும் இரைச்சல் கிளப்புவதும் அதே பகுதியில்தான். படத்தைப் பெற்றுக்கொள்ளும் முனை டிவி பக்கம் இருப்பதால், அதன் அருகில் எழும் இரைச்சல்தான் அதிகம் கெடுக்கும். அங்கிருந்தே தேடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது டிவிக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டை. அடாப்டரை அதில் செருகியிருந்தால் உடனே எடுத்து, நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள போர்டு இந்தச் சிக்னலையே இரைச்சலாக நினைத்து வடிகட்டிவிடும். யூபிஎஸ்ஸும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு லேப்டாப்பை மாடி அடாப்டரில் கேபிளால் இணைத்து, கீழே ரவுட்டரில் இணைத்த இன்னொரு கணினியுடன் இரண்டுக்கும் இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) மென்பொருளை ஓடவிடுங்கள். இரவிலேயே செய்ய வேண்டும். விளக்கு, சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைக்கும்போது வேகம் சட்டென்று ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. விளக்கென்றால் மாற்றிவிடுங்கள், சார்ஜரென்றால் தூரத்து பிளக்குக்குக் கொண்டுபோங்கள்.

அந்த 600 என்பது கம்பியில் ஓடும் மொத்தக் கணக்கு. கைக்கு வருவது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வகை அடாப்டர்கள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். இணையத்தில் வரும் 4கே படத்துக்கு 15 முதல் 25 போதும். ஆனால் 4கே புளூ-ரே வட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு சில காட்சிகளில் 100ஐயும் தாண்டும். அந்த மாதிரிக் கோப்பு மட்டும் நின்றால் இரைச்சலைத் தேடி அலைய வேண்டாம், இந்த இணைப்பின் கொள்ளளவே அவ்வளவுதான்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரு அடாப்டர்களும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலும் சிக்னல் மெலியும். பகலில் நன்றாக ஓடுவதால், உங்கள் விஷயத்தில் அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.