நிலநடுக்க அலையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது: கேள்வி பதில்

நிலநடுக்க அலைப் பரவலைக் கணக்கிடும் கணினி நிரல், அதாவது கோடு, எழுதுவதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரம் நடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்ததே, ஏன் அத்தனை சேதம்?

மண்தான் காரணம். நகரின் பெரும்பகுதி பழைய டெஸ்கோகோ ஏரியின் களிமண் மேல் நிற்கிறது. அங்கே எஸ் அலை (நிலத்தைக் குறுக்காக ஆட்டும் அலை) நொடிக்கு 100 மீட்டர்கூடப் போகாது. வேகம் குறையக் குறைய வீச்சு ஏறும். களிமண் 40 மீட்டர் தடிமன், அலை நொடிக்கு 80 மீட்டர் வேகம் என்று வையுங்கள். தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் 2 நொடி. அந்த மண் அந்தத் தாளத்தில்தான் ஆடும். 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள் அதிகம் அடிபட்டதும் அதனால்தான்: ஆட ஆடத் தளர்ந்து, அவையும் அதே தாளத்துக்கு வந்து சேர்ந்தன.

இதை என் லேப்டாப்பில் ஓட்டலாமா சார்?

இருபரிமாணம் என்றால் தாராளமாக. முப்பரிமாணம் என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் 1 ஹெர்ட்ஸ் அலையின் (நொடிக்கு ஒரு ஆட்டம்) நீளம் 80 மீட்டர். ஒரு அலை நீளத்துக்குக் கணக்குப் போடும் புள்ளி 5 ஆவது வேண்டும். ஆக கிரிட் இடைவெளி, அதாவது புள்ளிக்குப் புள்ளி தூரம், 16 மீட்டர். 2004-ல் தெற்குக் கலிபோர்னியாவுக்கு ஓட்டிய டெராஷேக் என்ற நிலநடுக்கக் கணிப்பு, 200 மீட்டர் இடைவெளியிலேயே 180 கோடிப் புள்ளிகளைத் தொட்டது. அதுவும் 0.5 ஹெர்ட்ஸ் வரைதான், நொடிக்கு 500 மீட்டருக்குக் கீழான எஸ் அலை வேகத்தை வெட்டிவிட்டு! இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் 8 மடங்கு. காலப்படியும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) பாதியாகும், வேலை 16 மடங்கு.

என் மாதிரியில் அலை ஓரத்தில் மோதித் திரும்பி வருதுங்க. என்ன பண்றது?

தொட்டியில் கல்லைப் போட்ட கதை. பக்கங்களிலும் அடியிலும் அலையை உறிஞ்சும் அடுக்கு வையுங்கள். மேலே மட்டும் வேண்டாம். நிலத்தின் மேற்பரப்பில் அலை நிஜமாகவே திரும்பும். நான் ஒருமுறை எல்லாப் பக்கமும் போட்டுவிட்டு, மேற்பரப்பு அலையைக் காணோமே என்று இரண்டு நாள் தேடினேன்.

நாளைக்கு நிலநடுக்கம் வருமான்னு இது சொல்லுமா?

சொல்லாது.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

அந்த ஊரில் பதிவான சின்ன நிலநடுக்கம் ஒன்றை எடுத்து ஓட்டி, பதிவோடு ஒப்பிடுங்கள். கோடு ஏற்கெனவே சோதித்ததாக இருந்து, தூரத்து நிலையங்களில் மட்டும் எஸ் அலை பிந்தி வந்தால், நிலத்தடி வேகப் படத்தை (எந்த இடத்தில் அலை எவ்வளவு வேகம் போகும் என்று மாதிரிக்குக் கொடுத்ததை) திறந்து பாருங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.