ஜெபத்தில் சொல்ல வராத ஏக்கத்தையும் சந்தோஷத்தையும் ஓவியமாக வரைவது விசுவாசிக்கு ஏற்றதா?

ஏற்றதுதான். நீங்கள் இப்படிக் கேட்பதைப் பார்த்தால், சபையிலோ வீட்டிலோ யாரோ "அந்த நேரத்தில் வேதம் வாசிக்கலாமே" என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா இறந்த வருஷம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் அழுகை வரும், வார்த்தை வராது. 42ஆம் சங்கீதத்தில் நீரோடைக்காகக் கதறும் மான் மட்டும் மனதில் நின்றது. அதை வாட்டர்கலரில் வரைய உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண்ணில்தான் அந்த மானை நிறுத்தினேன். வாட்டர்கலரில் வெளிச்சத்துக்கு வெள்ளை பூசுவது வழக்கமில்லை. அந்த இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். மானின் வாய்க்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு விட்டேன். சுற்றியிருந்த செம்மண் நிறம் காயக் காய, நான் தொடாத அந்தத் துண்டு தண்ணீராகத் தெரிய ஆரம்பித்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் தானாகச் சொன்னது. துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு என்னிடமிருந்து வந்த முதல் ஜெபம் அதுதான்.

உடனே யாராவது யாத்திராகமம் 20ஐக் காட்டுவார்கள். அங்கே விலக்கப்பட்டிருப்பது உருவங்களைச் செய்து அவற்றை வணங்குவதும் சேவிப்பதும். அதே புத்தகத்தின் 31ஆம் அதிகாரத்தில், பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தம்முடைய ஆவியால் நிரப்பினதாகக் கர்த்தரே சொல்கிறார். பொன், வெள்ளி, மரம், இரத்தினக் கல்லில் வேலை செய்வதற்காக. நான் என் படத்தைக் கும்பிடவில்லை, வேத வாசிப்புக்குப் பதிலாக வரையச் சொல்லவும் இல்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர் லிலியாஸ் டிராட்டர் கதையையும் சொல்வார்கள். 1876இல் வெனிஸில் அவருடைய படங்களைப் பார்த்து வியந்தவர் ஜான் ரஸ்கின், அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய கலை விமர்சகர். முழுமூச்சாக இறங்கினால் பெரிய ஓவியராக வரலாம் என்று அவர் ஊக்கப்படுத்தியும், 1888இல் டிராட்டர் மிஷனரியாக அல்ஜீரியா போய்விட்டார். "கலையைத் தியாகம் செய்தார்" என்று அதோடு முடித்துவிடுகிறார்கள். அவர் விட்டது பேரும் புகழும்தான். அங்கேயும் பாலைவனத்தையும் சின்னச் செடிகளையும் டைரிப் பக்கங்களில் வரைந்துகொண்டே இருந்தார். காய்ந்த செடியிலும் விதையிலும் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் கண்டு, எழுத்தோடு படமும் சேர்த்துப் புத்தகம் போட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். வருஷப் பிறப்புக்கு ஆலயச் சுவரில் வாக்குத்தத்த வசனம் எழுதுவது அவர்தான். நூலில் சாக்பொடி தேய்த்துச் சுண்டிக் கோடு போட்டு, பட்டினியாக இருந்து, முதல் எழுத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பார். பிளெக்ஸ் வந்ததும் சபைக் கமிட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவரை நிறுத்திவிட்டது. இப்போது வசனத்தைவிடப் பெரிதாக ஆட்களின் போட்டோ இருக்கிறது. அப்பா டிசம்பர் கடைசி வாரத்தில் பிரஷ்களைக் கழுவி வைத்துக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனதில் நிற்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொடங்குங்கள். வாட்டர்கலர் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த காகிதம் வாங்குங்கள். மெல்லிய காகிதம் ஈரத்தில் நெளிந்துவிடும். யாருக்கும் காட்ட வேண்டும் என்றில்லை.