பொதுத் தளம், பல துறைகள்: இந்தப் பக்கம் யாருடையது?

பல அரசு அமைப்புகள் சேர்ந்து, வழிமுறைகளையும் அனுபவங்களையும் பக்கங்களாக எழுதிவைக்கும் ஒரே அறிவுத் தளத்தை நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு, அப்படி ஒன்றைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி: ஆறு துறைகள் சேர்ந்து தொடங்கப் போகிறோம். எந்த மென்பொருள் வாங்கலாம் சார்?

மென்பொருள் கடைசியில். முதலில் ஒரே தாளில் நான்கு விஷயங்களை எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் யார் பொறுப்பு? இரு துறைகள் முரண்பட்டால் யார் சொல்வது முடிவு? செலவு யார் தலையில்? ஒரு துறை விலகினால் அதன் பக்கங்கள் என்ன ஆகும்? நான்காவதைப் பேச எல்லாரும் கூச்சப்படுவார்கள். விலகும் நாளில் பேசினால் சண்டைதான் வரும்.

கேள்வி: வழிநடத்தும் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஆனாலும் வேலை நகரவில்லை.

எல்லா முடிவும் அந்தக் குழுவுக்கே போகிறது என்று நினைக்கிறேன். பிரித்துவிடுங்கள். பொதுச் சொற்பட்டியல், பார்வை அனுமதி நிலைகள், ஒவ்வொரு பக்கத்திலும் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆகியவை மட்டும் குழுவுக்கு. விவரங்களுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தலைப்பு, எழுதியவர், தேதி போன்ற விவரங்களைக் குறிக்கும் பொதுத் தரநிலையான டப்ளின் கோரின் 15 கூறுகளில் உங்களுக்கு வேண்டியதை எடுத்து, 'கடைசியாகச் சரிபார்த்த தேதி'யைச் சேர்த்தால் போதும். உள்ளடக்கம் முழுக்கத் துறையின் பாடு.

எங்கள் தளத்தில் ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று துறைகள் மூன்று வழிமுறைப் பக்கங்கள் வைத்திருந்தன. மூன்றிலும் இணைக்க வேண்டிய சான்றுகள் வேறுவேறு. குழு இரண்டு கூட்டங்கள் பேசியது, தீரவில்லை. கடைசியில் கோப்பை முடித்துக் கையெழுத்திடும் துறை எதுவோ அதன் பக்கமே மூலப் பக்கம், மற்றவை அதற்கு இணைப்பு கொடுத்தால் போதும் என்று ஒரு வரி விதி போட்டோம். அப்புறம் அந்த வகைத் தகராறு குழு வரைக்கும் வந்ததே இல்லை.

இன்னொன்று: பக்கத்தை எழுதுபவர்களில் ஓரிருவரையாவது குழுவில் உட்கார வையுங்கள். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொது நீர்ப்பாசனம், மீன்பிடி, காடு ஆகியவற்றை ஆராய்ந்து கண்டது இதுதான்: பயன்படுத்துபவர்களுக்கும் விதி வகுப்பதில் பங்கு இருந்த இடங்களில் பொதுச் சொத்து நிலைத்தது. ஒரு வித்தியாசம், தண்ணீர் எடுக்க எடுக்கக் குறையும். அறிவு எடுப்பதால் குறையாது, கவனிக்க ஆள் இல்லாவிட்டால் கெட்டுப்போகும்.

கேள்வி: எல்லாருக்கும் திறந்துவிட்டால் ரகசியம் கசியாதா?

2006இல் அறிவிக்கப்பட்ட இன்டெல்லிபீடியாவைப் பாருங்கள், அமெரிக்க உளவு அமைப்புகள் தங்களுக்குள் பகிர வைத்திருக்கும் விக்கி அது. ரகசிய நிலைக்கு ஏற்ப மூன்று வலையமைப்புகளில் மூன்று விக்கிகள். யார் திருத்தினாலும் அவர் பெயர் பதிவாகும். உளவுக்காரர்களுக்கே இது முடிந்திருக்கிறது, நமக்கு முடியாதா? ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு: அதிகாரபூர்வ அறிக்கைகள் தொடர்ந்து அந்தந்த அமைப்புக்குள்ளேயே தயாராயின. கதவைத் திறந்தாலும் பழைய வேலைமுறை தானாக மாறிவிடாது.

கேள்வி: யாருமே எழுதுவதில்லை. பரிசு கொடுத்துப் பார்க்கலாமா?

கொடுங்கள், பக்கங்கள் பெருகும். படிக்கத்தான் ஆள் இருக்காது. நாசாவிடம் திட்டங்களில் கற்ற பாடங்களைப் பதிவுசெய்யத் தனித் தளமே இருந்தது. இருந்தும் பாடங்கள் வழக்கமாகச் சேகரிக்கப்படுவதும் பகிரப்படுவதும் இல்லை என்று 2002இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு சொன்னது. எழுதுவது தனி வேலையாக இருக்கும்வரை நடக்காது. திட்டத்தை முடித்துவைக்கும் படிவத்திலேயே 'மாற்ற வேண்டிய பக்கம் எது?' என்று ஒரு கட்டம் வையுங்கள்.

தொடர் கேள்வி: எல்லாரும் 'எதுவுமில்லை' என்று நிரப்பினால்?

முதல் சில மாதங்கள் அப்படித்தான் நிரப்புவார்கள். தளத்தின் ஒருங்கிணைப்பாளர் போனில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி, கேட்டதைத் தானே எழுதட்டும். நிறைய பேருக்குச் சொல்ல வரும், எழுதத்தான் வராது.

கேள்வி: ஐஎஸ்ஓ 30401 சான்றிதழ் வாங்கலாமா?

அறிவு மேலாண்மைக்கென்று 2018இல் வந்த அந்தச் சர்வதேசத் தரநிலை சரிபார்ப்புப் பட்டியலாக நன்றாக உதவும். ஆனால் அது 'உயர் நிர்வாகம்' என்று ஒன்று இருப்பதாக வைத்துப் பேசுகிறது, உங்களிடம் ஆறு இருக்கின்றன. முதலில் சொன்ன அந்த நான்கு விஷயத் தாளில் கையெழுத்து விழுந்த பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: காலாவதியான பக்கங்களை அழித்துவிடலாமா?

வேண்டாம். தேடலிலிருந்து எடுத்துவிட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நடைமுறையில் இருந்தது என்ற குறிப்போடு காப்பகத்தில் வையுங்கள். அன்றைக்கு இருந்த வழிமுறைப்படி ஒருவர் எடுத்த முடிவைப் பத்து ஆண்டு கழித்துத் தணிக்கை கேட்கும்போது, அவர் கையில் காட்ட அந்தப் பக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு காலம் வைப்பது என்பதை உங்கள் ஆவணப் பாதுகாப்பு விதி ஏற்கெனவே சொல்லியிருக்கும். அதில் தளப் பொறுப்பாளர் கை வைக்க வேண்டாம்.